ஹாம்பர்கருக்கு இரண்டு பாட்டு

1970களின் அமெரிக்காவில் ஒரே ஹாம்பர்கர் ஒரே மாதிரியான கடைகளில் எல்லாருக்கும் விற்கப்பட்டது. ஆனால் அதை வாங்க வருமாறு அழைத்த பாட்டு இரண்டாக இருந்தது. வெள்ளையரை மனத்தில் வைத்து ஆக்கப்பட்ட விளம்பரத்தை அத்தொழிலில் இருந்தவர்கள் 'பொதுச் சந்தை' விளம்பரம் என்றும், கறுப்பின மக்களுக்கென்று ஆக்கப்பட்டதைச் 'சிறப்புச் சந்தை' அல்லது 'இனச் சந்தை' விளம்பரம் என்றும் பிரித்துப் பேசினார்கள். முதல் வகை பெரும் விளம்பர நிறுவனங்களில் பெரும் செலவில் உருவாகி நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. இரண்டாம் வகை, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கறுப்பினத்தவரே நடத்திய சிறு நிறுவனங்களில் உருவாகி, கறுப்பின வானொலி நிலையங்கள் வழியாகவும் 'எபனி' போன்ற இதழ்கள் வழியாகவும் மக்களிடம் சேர்ந்தது. பழைய விளம்பரங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இன்று இவை நகைப்பையும் ஏக்கத்தையும் ஒருங்கே தருகின்றன. ஆனால் பாட்டுகள் அந்த இரு சந்தைகளுக்கும் நடுவில் இருந்த சுவரை எவ்வளவு எளிதாகத் தாண்டின, அவற்றை ஆக்கியவர்களுக்குச் சேர வேண்டிய பணமும் அதிகாரமும் ஏன் அதே வேகத்தில் தாண்டவில்லை என்று கேட்டுப் பார்த்தால், நகைப்பைவிடக் கனமான ஒரு வரலாறு தென்படும்.

விளம்பரப் பாட்டு, அதாவது ஜிங்கிள், ஒரு பொருளின் பெயரையும் அதைப் பற்றிய ஒரே ஓர் எண்ணத்தையும் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ அடக்கி, கேட்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நினைவில் ஒட்டிக்கொள்ளுமாறு இசையமைக்கப்படும் சிறு பாட்டு. 1926-இல் மினியாபொலிஸ் நகர வானொலியில் வீட்டீஸ் என்னும் காலை உணவுக்காக நால்வர் பாடிய பாட்டே இவ்வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இப்பாட்டுகளில் 'டோனட்' என்று தொழில்வழக்கில் அழைக்கப்படும் ஓர் அமைப்பு உண்டு: தொடக்கத்திலும் முடிவிலும் பாடகர்கள் பாட, நடுவில் வெறும் வாத்திய இசை மட்டும் ஓடும், அந்த இடைவெளியில் உள்ளூர் அறிவிப்பாளர் அந்த வாரத்துச் சலுகையையோ கடையின் முகவரியையோ படிப்பார். கறுப்பின வானொலியில் இந்த இடைவெளி தனி மதிப்புப் பெற்றது. ஏனெனில் அங்கே பேசிய அறிவிப்பாளர் நேயர்களுக்கு ஏறத்தாழ உறவினர் போன்றவர், அவர் வாயால் வரும் சிபாரிசுக்குப் பாட்டைவிட எடை அதிகம்.

அந்த வானொலி உலகம் தோன்றியதற்கு வணிகக் காரணமே முதற்காரணம். தொலைக்காட்சி பரவத் தொடங்கியதும் பெரிய விளம்பரதாரர்கள் அங்கே நகர்ந்துவிட, வருவாய் இழந்த வானொலி நிலையங்கள் அதுவரை எவரும் பொருட்படுத்தாத நேயர்களைத் தேட வேண்டியதாயிற்று. மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948-இல் நாட் டி. வில்லியம்ஸ் என்னும் பள்ளி ஆசிரியரை ஒலிவாங்கி முன் அமர்த்திக் கறுப்பின மக்களுக்கான நிகழ்ச்சிகளைத் தொடங்கி, விரைவில் முழு நேரத்தையும் அவர்களுக்கே ஒதுக்கியது. சிகாகோவில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர்களான சகோதரர்கள் 1963-இல் டபிள்யூ.வி.ஓ.என். நிலையத்தை நடத்தத் தொடங்கினர். அச்சு உலகில் ஜான் ஹெச். ஜான்சன் 1945-இல் 'எபனி' இதழைத் தொடங்கியதோடு நில்லாமல், கறுப்பினக் குடும்பங்களும் நல்ல பொருளை நல்ல விலை கொடுத்து வாங்கக்கூடியவை என்று நிறுவனங்களை நம்பவைக்கும் பணியையே வாழ்நாள் முழுவதும் செய்தார். 1954-இல் அதற்கென ஒரு திரைப்படமே எடுக்கப்பட்டது. பெப்சி நிறுவனம் இதற்கும் முன்பாக, 1947-இல் எட்வர்ட் பாய்ட் என்பவரின் தலைமையில் கறுப்பின விற்பனையாளர் குழு ஒன்றை அமர்த்தி, கறுப்பினக் குடும்பங்களைக் கண்ணியமாகக் காட்டும் கடை விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் தோன்றிய சிறுவன் ரான் பிரவுன், பிற்காலத்தில் பில் கிளின்டன் அரசில் வணிகத் துறை அமைச்சரானார்.

1960களில் கோக்கா-கோலா நிறுவனம் தன் விளம்பரப் பாட்டைச் சுப்ரீம்ஸ், ரே சார்ல்ஸ், அரீத்தா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெடிங் போன்றோரைக் கொண்டு அவரவர் பாணியில் பாடவைத்தது. கேட்பதற்கு அவை உண்மையான சோல் பாட்டுகளாகவே இருந்தன. ஆயினும் எல்லாருக்குமாக எழுதிய ஒரே வாசகத்தைப் புகழ்பெற்ற குரலுக்குக் கொடுப்பது ஒன்று. கறுப்பின வாடிக்கையாளரின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்து வாசகத்தையே புதிதாக எழுதுவது வேறொன்று. இரண்டாவதற்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

துரித உணவுக்கு இந்த வேறுபாடு குளிர்பானத்தைவிடக் கூடுதலாக முக்கியம். புட்டியில் அடைத்த பானத்தை எந்தக் கடையிலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஹாம்பர்கருக்குக் கடைக்குள் நுழைய வேண்டும், அமெரிக்கத் தெற்கில் அந்த நுழைவே போராட்டப் பொருளாக இருந்தது. 1960-இல் கிரீன்ஸ்போரோ நகரின் வூல்வொர்த் கடையில் மாணவர் நால்வர் உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்தது உலகறிந்த செய்தி. அவ்வளவாக அறியப்படாதது, ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் ஊரில் 1963-இல் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை முன்பும் அத்தகைய போராட்டம் நடந்தது என்பதுதான். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த பின்னரும், தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்னும் இறைச்சி உணவகத் தொடர் கறுப்பினத்தவரை உள்ளே அமர்த்த மறுத்து வழக்காடி, 1968-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. எனவே 1970களின் தொடக்கத்தில் ஒரு ஹாம்பர்கர் கடை 'வாருங்கள்' என்று பாடியபோது, அந்தச் சொல்லைக் கேட்ட கறுப்பினப் பெற்றோர் பலருக்கு, உள்ளே வராதே என்று சொல்லப்பட்ட நாட்களும் நினைவில் இருந்தன.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பல நகரங்களில் கலவரம் மூண்டது. கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்த கடைகளை வெள்ளை உரிமையாளர்கள் கைவிட்டு வெளியேற விரும்பினர். மெக்டொனால்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் பிரான்சைஸ் முறையில் இயங்குபவை: நிறுவனத்தின் பெயர், சமையல் முறை, கட்டட அமைப்பு ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையைத் தனி ஒருவர் கட்டணம் செலுத்திப் பெற்று, கடையைத் தம் பொறுப்பில் நடத்தி, விற்பனையில் ஒரு பங்கை நிறுவனத்துக்கும் இன்னொரு பங்கை விளம்பரச் செலவுக்கும் கொடுத்துவருவார். வெள்ளையர் விட்டுச்செல்லும் கடைகளுக்குப் புதிய உரிமையாளர் வேண்டும். கறுப்பின முதலாளித்துவத்தை வளர்ப்பதே கலவரத்துக்கு மருந்து என்று அதிபர் நிக்சன் தரப்பு பேசியது. அரசுக் கடனுதவியும் வந்தது. 1968 டிசம்பரில் ஹெர்மன் பெட்டி சிகாகோவின் தென்பகுதியில் மெக்டொனால்ட்ஸின் முதல் கறுப்பின உரிமையாளரானார். எல்லா இடங்களிலும் இது நிறுவனத்தின் தாராள மனத்தால் நிகழவில்லை. கிளீவ்லாந்து நகரில் 1969-இல் கறுப்பின அமைப்புகள் ஒன்றுகூடி, கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்த மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் புறக்கணித்த பிறகே அங்கு உரிமை கைமாறியது. 1972-இல் கறுப்பின உரிமையாளர்கள் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். விளம்பர நிதிக்குத் தாங்களும் பணம் கட்டும்போது, தங்கள் வாடிக்கையாளரிடம் பேசாத விளம்பரத்துக்கு மட்டும் ஏன் அது செலவாக வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அதே காலத்தில் புகழ்பெற்றவர்களின் பெயரிலேயே உணவகத் தொடர்கள் தொடங்கும் மோகமும் கிளம்பியது. நற்செய்திப் பாடகி மஹேலியா ஜாக்சனின் பெயரில் மெம்பிஸில் பொரித்த கோழிக் கடைகளும், குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெயரில் மயாமியில் 'சாம்ப்பர்கர்' கடையும் வந்தன. பெயர் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்துவந்தது; மறுமுறை வரவழைக்க வேண்டிய முதலீடும் நிர்வாகமும் இல்லாததால் அவை நெடுநாள் நிலைக்கவில்லை.

சிறப்புச் சந்தை விளம்பரத்துக்கு இலக்கணம் வகுத்தவர் என்று டாம் பர்ரலைச் சொல்லலாம். 1939-இல் சிகாகோவில் பிறந்த இவர், 1960களின் தொடக்கத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டே வேட் என்னும் விளம்பர நிறுவனத்தில் தபால் பிரித்துக் கொடுக்கும் பணியில் சேர்ந்து, அங்கேயே விளம்பர வாசகம் எழுதுபவராக உயர்ந்து, பிறகு லியோ பர்னெட், நீடம் ஹார்ப்பர் ஸ்டியர்ஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களில் பணியாற்றினார். 1971-இல் வடிவமைப்பாளர் எமெட் மெக்பெய்னுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். மெக்பெய்ன் அதற்கு முன் இசைத்தட்டு உறைகளை வடிவமைத்தவர் என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் விளம்பரங்களில் காணப்படும் எழுத்து வடிவமும் வண்ணமும் ஜாஸ் இசைத்தட்டுகளின் அருகில் வைத்துப் பார்க்கத்தக்கவை. கறுப்பின மக்கள் வெள்ளையரின் கருத்த பிரதிகள் அல்லர் என்பது பர்ரல் அடிக்கடி வலியுறுத்திய கருத்து. தனித்த வரலாறு தனித்த விருப்பங்களை உண்டாக்கியிருக்கிறது, ஆகவே வெள்ளையருக்காக எடுத்த விளம்பரத்தில் நடிகரை மட்டும் மாற்றிவிட்டால் போதாது என்பதே அதன் உட்பொருள். அவருடைய முதல் வாடிக்கையாளர்களில் ஒன்றான மார்ல்பரோ சிகரெட்டுக்கு, வெட்டவெளியில் தனியாகக் குதிரையில் திரியும் மாட்டுக்காரன் நகரத்துக் கறுப்பினத்தவரைக் கவரமாட்டான் என்று கண்டு, தன் தெருவில் தன் மக்களிடையே நிற்கும் மனிதனை அவர் முன்வைத்தார்.

மெக்டொனால்ட்ஸுக்கு அவர் செய்ததுதான் இந்த முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1971-இல் நீடம் நிறுவனம் மெக்டொனால்ட்ஸுக்காக ஆக்கிய பொதுச் சந்தைப் பாட்டு, உழைத்துக் களைத்தவருக்கு இன்று ஓய்வு உரித்தானது, எழுந்து எங்கள் கடைக்கு வாருங்கள் என்ற பொருளில் அமைந்தது. பர்ரல் அதற்குச் சற்று முன் விட்டு விலகிய நிறுவனமே நீடம். அந்தத் தொடரின் புகழ்பெற்ற படம் ஒன்றில், கடைப் பணியாளர்கள் வாளியும் துடைப்பமுமாக, மேடை இசைநாடகத்தில் ஆடுவதுபோல் ஆடிப் பாடிக் கடையைத் துப்புரவு செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜான் அமோஸ். சில ஆண்டுகளில் 'குட் டைம்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் கறுப்பினக் குடும்பமொன்றின் தந்தையாக நாடறிந்த நடிகரானவர். எனவே பொதுச் சந்தை விளம்பரத்தில் கறுப்பு முகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முகம் இருந்தது, ஆனால் இசை பிராட்வே மேடையின் இசை, பாட்டு அழைத்தது புறநகர்க் குடும்பத்தை.

அந்த வாசகத்தின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது. வெளியில் சாப்பிடுவது எப்போதாவது நிகழும் சிறு கொண்டாட்டம், அன்று அம்மாவுக்குச் சமையலிலிருந்து விடுதலை. பர்ரல் நகரத்துக் கறுப்பினக் குடியிருப்புகளைப் பார்த்தபோது அங்கே நிலைமை வேறாக இருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு உணவகங்கள் குறைவு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் மிகுதி. மெக்டொனால்ட்ஸுக்குப் போவது விசேஷ நாள் நிகழ்வாக இல்லாமல், நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் வழக்கமாக இருந்தது. ஆகவே அவர் நிறுவனம் எழுதிய பாட்டு ஓய்வைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்திலேயே இப்படி ஒரு கடை இருப்பது எவ்வளவு நல்லது என்ற பொருளில் அமைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு வாசகங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முன்னது விருந்தாளியை அழைக்கிறது, பின்னது அண்டை வீட்டாரிடம் பேசுகிறது. உள்ளே விடமாட்டார்கள் என்று அஞ்சிய தலைமுறையிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்தவர்களே பின்னதை எழுத முடியும். குடியிருப்பில் வேறு உணவகங்கள் இல்லை என்ற குறைபாடே விற்பனை வாய்ப்பாக மாறியதும் இதே வாசகத்தில்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'எபனி' இதழில் வந்த அச்சு விளம்பரங்கள் வேறு வழியை நாடின. ஆங்கில வினைச்சொற்களின் இறுதியில் வரும் மெய்யொலியை விழுங்கி, மேற்குறி ஒன்றை இட்டு, தெருப் பேச்சின் ஓசையை எழுத்தில் காட்ட அவை முயன்றன. இரவு உணவுக்கு வருவதும், உடை மாற்றிக்கொள்ளாமல் வருவதும், பரிமாறுபவருக்குத் தனியாகக் காசு வைக்கத் தேவையில்லாமல் சாப்பிடுவதும் எல்லாம் அந்த விழுங்கிய ஒலியோடுதான் எழுதப்பட்டன. ஒன்றிரண்டு இடங்களில் இது இயல்பாக ஒலிக்கிறது. ஒரே பத்தியில் வரிக்கு வரி வரும்போது, பேசுபவரை எழுத்தாளர் கண்டதுண்டா என்ற ஐயம் எழுகிறது. இவ்விளம்பரங்கள் இன்று பரவலாகக் கேலி செய்யப்படுவதில் வியப்பில்லை. பாட்டில் இதே உத்தி உறுத்துவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. குரலில் அந்த ஒலி ஏற்கெனவே இருக்கிறது, அதை எழுத்துக்கூட்டிக் காட்ட வேண்டிய தேவை பாடகருக்கு இல்லை.

பர்ரல் நிறுவனத்தின் சாதனையாகப் பலரும் சுட்டுவது மெக்டொனால்ட்ஸுக்கு எடுத்தது அல்ல, கோக்கா-கோலாவுக்கு 1976-இல் எடுத்த 'ஸ்ட்ரீட் சாங்' என்னும் தொலைக்காட்சி விளம்பரம். வாத்தியம் ஏதுமின்றி, நகரத்து வீட்டு வாசற்படிகளில் கூடியிருக்கும் இளைஞர்கள் கைகொட்டிக் குரல்களை அடுக்கிப் பாடுகிறார்கள். 1950களில் வடகிழக்கு நகரங்களின் தெருமுனைகளில் வளர்ந்த, பொருளற்ற அசைகளைத் தாளமாகப் பயன்படுத்தும் டூ-வாப் இசையே அதன் அடிப்படை. தெருமுனையில் கூடி நிற்கும் கறுப்பின இளைஞர்களை அச்சத்தின் அடையாளமாகவே செய்திகள் காட்டிவந்த காலத்தில், அதே தெருமுனையைப் பாட்டுக்கான இடமாக அந்த விளம்பரம் காட்டியது. பர்ரல் தம் அணுகுமுறையை நேர்மறை யதார்த்தம் என்று அழைத்தார்: இல்லாத செல்வத்தைக் காட்டி மயக்காமலும், உள்ள வறுமையை மட்டும் காட்டி இழிவுபடுத்தாமலும், வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தை, பிள்ளைகளோடு சாப்பிடும் தாய் என அன்றாடக் காட்சிகளைக் காட்டுவது. பொதுத் தொலைக்காட்சியில் கறுப்பினத் தந்தையரைக் காண்பது அரிதாக இருந்த ஆண்டுகளில், அவர்களைக் கண்ணியமாகக் காட்டும் செலவை ஹாம்பர்கரும் குளிர்பானமும் ஏற்றன என்பது சற்றுச் சங்கடமான உண்மை.

இசை எங்கிருந்து எடுக்கப்பட்டது, எங்கே திரும்பிப் போனது என்பதை அறியக் கயிறாட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கயிறுகளை எதிரெதிர்த் திசையில் சுழற்ற, நடுவில் ஒருவரோ இருவரோ தாளத்துக்கேற்பக் குதிக்கும் 'டபுள் டச்' ஆட்டம் நியூயார்க்கின் நடைபாதைகளில் கறுப்பினச் சிறுமியரின் ஆட்டமாக வளர்ந்தது. கயிறு தரையைத் தொடும் ஒலியே மேளம். அதன்மேல் சிறுமியர் எண்ணிக்கையும் பெயர்களும் கேலியும் கலந்து வாய்ப்பாட்டுப் பாடுவார்கள். 1970களில் நியூயார்க் காவல்துறையைச் சேர்ந்த டேவிட் வாக்கர் இதைப் போட்டி விளையாட்டாக ஒழுங்குபடுத்தினார். போட்டிகளில் வென்ற 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்னும் நால்வர் அணி மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் தோன்றியது. அதே அணி 1982-இல் ராப் இசைக்கலைஞர்களோடு ஐரோப்பாவுக்கும் சென்றது. மறுபக்கம், 1970களின் நடுவில் மெக்டொனால்ட்ஸ் தன் பிக் மேக் ஹாம்பர்கரில் அடுக்கப்படும் பொருள்களின் பெயர்களையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டிருந்தது. உணவுப் பட்டியலைத் தாளத்தில் ஒப்பிக்கும் அந்த விளையாட்டு, சிறுமியருக்குப் புதிதன்று. கடையில் விற்கும் பண்டங்களின் பெயர்கள் கைதட்டு விளையாட்டுப் பாட்டுகளுக்குள் நுழைந்து, எவர் எழுதினார் என்று தெரியாத வடிவங்களில் ஊர் ஊராகப் பரவின. இசையியல் ஆய்வாளர் கைரா காண்ட் 2006-இல் வெளியிட்ட நூலில் கறுப்பினச் சிறுமியரின் விளையாட்டுகளுக்கும் வணிக இசைக்கும் இடையே இருவழிப் போக்குவரத்து இருந்ததைக் காட்டுகிறார்: இசைத்தட்டுப் பாடகர்கள் சிறுமியரிடமிருந்து எடுத்தார்கள், சிறுமியர் வானொலியிலிருந்து எடுத்தார்கள். இந்தப் போக்குவரத்தில் ஒரு திசையில் மட்டும்தான் காசோலை எழுதப்பட்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவர்களின் கணக்கு சற்றே மேலானது. விளம்பரப் பாட்டுக்குக் குரல் கொடுப்பவர்கள் தொழிற்சங்க ஒப்பந்தப்படி பதிவு நாளுக்கு மட்டுமின்றி, விளம்பரம் ஒளிபரப்பாகும் காலமெல்லாம் மீள்கட்டணம் பெற்றார்கள். பெயர் தெரியாத பாடகருக்கு இசைத்தட்டுவழி வரும் வருவாயைவிட இது உறுதியானது. லூதர் வாண்ட்ராஸ் தம் பெயரில் புகழ் பெறுவதற்கு முன் கே.எஃப்.சி., பர்கர் கிங் உள்ளிட்ட பல நிறுவனங்களுக்குப் பாடியவர்; அவருடைய முதல் தனி இசைத்தட்டு 1981-இல் வெளிவந்தபோது, அந்தக் குரலை அமெரிக்கர் பலர் பெயர் தெரியாமலே ஏற்கெனவே பலநூறு முறை கேட்டிருந்தனர். பேட்டி ஆஸ்டினும் இத்தகைய பாட்டுகளின் அரசி என்று பெயரெடுத்தவர். இக்குரல்கள் பொதுச் சந்தை விளம்பரங்களிலும் தாராளமாகப் பயன்பட்டன. கறுப்பினக் குரலுக்கு இரு சந்தைகளிலும் இடமிருந்தது; கறுப்பின விளம்பர நிறுவனத்துக்கு ஒன்றில் மட்டுமே.

இதை வேறெவரையும்விட நன்கு உணர்ந்திருக்கக்கூடியவர் கரோலின் ஜோன்ஸ். 1963-இல் நியூயார்க்கில் ஜே. வால்டர் தாம்ப்சன் நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்து, பயிற்சி பெற்று, விளம்பர வாசகம் எழுதுபவரான இவர், 1977-இல் ஃபிராங்க் மிங்கோவுடன் இணைந்து தனி நிறுவனம் தொடங்கினார். கே.எஃப்.சி.க்காக அந்நிறுவனம், கோழியைச் செம்மையாகச் சமைப்பது நாங்களே என்ற கருத்தைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு வாசகத்தை உருவாக்கியது. கறுப்பின வாடிக்கையாளருக்காக எழுதப்பட்ட அவ்வாசகம் அவ்வளவு வெற்றி பெற்றதால் கே.எஃப்.சி. அதை நாடு முழுவதுக்குமான பொது வாசகமாக்கிக்கொண்டது. ஹாம்பர்கர் மட்டும் விற்பவர்கள் கோழியையும் விற்கத் தொடங்கிய காலத்தில், எங்கள் வேலை ஒன்றே, அதை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற தொனி எல்லா இனத்தவரையும் எட்டியது. சிறப்புச் சந்தை என்று ஒதுக்கப்பட்ட மேசையில் எழுதிய வரி நாட்டின் வரியாயிற்று. மேசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பைரன் லூயிஸ் 1969-இல் தொடங்கிய யூனிவேர்ல்ட் நிறுவனமும் பர்கர் கிங்குக்காக 1980களில் உழைத்தது. அதன் பணியும் கறுப்பினச் சந்தை என்ற வரையறைக்குள்தான்.

வாசலைத் திறக்கப் பாட்டுகளால் மட்டும் முடியாது என்று கருதியவர்கள் வேறு வழி பார்த்தார்கள். ஜெசி ஜாக்சன் 1971-இல் தொடங்கிய ஆபரேஷன் புஷ் அமைப்பு, கறுப்பினத்தவரிடம் விற்கும் நிறுவனம் கறுப்பினத்தவரை வேலைக்கு அமர்த்த வேண்டும், அவர்களுடைய வங்கிகளையும் விளம்பர நிறுவனங்களையும் பயன்படுத்த வேண்டும் என்று கோரி, மறுத்தால் புறக்கணிப்பு என்று எச்சரித்தது. 1981-இல் கோக்கா-கோலாவும் அதன்பின் துரித உணவு நிறுவனங்கள் சிலவும் அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டன. 1980களில் கறுப்பின விளம்பர நிறுவனங்களுக்குக் கிடைத்த வாய்ப்புகளில் எவ்வளவு திறமைக்குக் கிடைத்தது, எவ்வளவு இந்த நெருக்கடிக்குக் கிடைத்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். திறமை முன்பும் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

1990-இல் வெளிவந்த 'கால்வின்' விளம்பரத் தொடர் இந்த மரபின் உச்சமாகவும் அதன் எல்லையாகவும் நிற்கிறது. கறுப்பினக் குடியிருப்பின் தெருவழியே மிடுக்காக நடந்துவரும் இளைஞன் கால்வினைப் பார்த்து அக்கம்பக்கத்தார், அவனுக்கு எங்கோ வேலை கிடைத்துவிட்டதாமே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவன் மெக்டொனால்ட்ஸ் சீருடையில் கல்லாவின் பின்னால் நிற்பது இறுதியில் தெரிகிறது. வேலையற்ற இளைஞனைச் சந்தேகத்தோடு பார்க்கும் உலகத்திடம், இவன் பொறுப்பானவன் என்று சொன்னது அந்தப் படம். அதைக் கண்டு பெருமைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஓர் இளைஞனின் வெற்றிக்கு இவ்வளவுதான் உயரமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்படத்தில் கால்வின் கடையை வாங்குவதாக எவரும் கற்பனை செய்யவில்லை என்பது இரண்டாவது கேள்விக்கே வலுச் சேர்க்கிறது.

வரலாற்றாசிரியர் மார்சியா சாட்டலெய்ன், மெக்டொனால்ட்ஸுக்கும் கறுப்பின அமெரிக்காவுக்குமான உறவைப் பற்றி எழுதி 2021-இல் புலிட்சர் பரிசு பெற்ற நூலில், கறுப்பினத்தவர் துரித உணவை ஏன் விரும்பினர் என்று அவர்களிடம் குறை காண்பதை விட்டு, அரசும் வங்கிகளும் கைவிட்ட குடியிருப்புகளில் ஹாம்பர்கர் கடையே வேலைவாய்ப்பாகவும், கூடுமிடமாகவும், விளையாட்டுக் குழுக்களுக்கு நன்கொடை தரும் நிறுவனமாகவும் எப்படி ஆயிற்று என்று விளக்குகிறார். இவ்விளக்கம் விளம்பரங்களையும் நியாயமாக அளக்க உதவுகிறது. உடல்நலக் கேடு மறுபக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது: கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரட் மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2019-இல் கறுப்பினச் சிறார் வெள்ளைச் சிறாரைவிட 75 விழுக்காடு அதிகமாகத் துரித உணவுத் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்த்தனர். மதிப்போடு பேசப்பட வேண்டும் என்று 1971-இல் கோரியவர்கள் கேட்டது இத்தனை அழைப்புகளை அல்ல.

2003-இல் மெக்டொனால்ட்ஸ் உலகம் முழுவதற்கும் ஒரே வாசகம், ஒரே மெட்டு என்று முடிவு செய்தது. ஜெர்மானிய விளம்பர நிறுவனம் ஒன்று ஆக்கிய அந்த வாசகத்தில், 'எபனி' விளம்பரங்களில் கேலிக்குள்ளான அதே விழுங்கிய மெய்யொலியும் மேற்குறியும் இடம்பெற்றன. வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஹிப்-ஹாப் இசைத்தயாரிப்பாளர்களான நெப்டியூன்ஸ் இசைத்தயாரிப்பு செய்ய, வெள்ளைப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் பாடினார். இருபது முப்பது ஆண்டுகள் தனிச் சந்தைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஓசை பொதுச் சந்தையின் ஓசையாகிவிட்டது. இரண்டு பாட்டு தேவை என்ற வாதமே அதோடு தளர்ந்தது. பர்ரல் 2004-இல் தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

சுவரின் மறுபக்கம் நீதிமன்றத்தில் தெரியவந்தது. 2020-இல் மெக்டொனால்ட்ஸின் முன்னாள் கறுப்பின உரிமையாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், விற்பனை குறைந்த, பாதுகாப்புச் செலவு மிகுந்த இடங்களிலேயே தங்களுக்குக் கடைகள் தரப்பட்டன என்று வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டு தொலைக்காட்சி நிறுவன உரிமையாளர் பைரன் ஆலன், விளம்பரப் பணத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஊடகங்களுக்குப் பங்கில்லை என்று கூறி 1,000 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு வந்த அதே மே மாதத்தில், தன் தேசிய விளம்பரச் செலவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஊடகங்களின் பங்கை 2 விழுக்காட்டிலிருந்து 2024-க்குள் 5 விழுக்காடாக உயர்த்தப்போவதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது.